எம்.எச்.வி. (சுண்டெலி ஹெபடைடிஸ் வைரஸ்) தொற்றிய சுண்டெலிக் கல்லீரல்: நெக்ரோசிஸா (உயிரோடிருக்கும்போதே திசு மடிதல்), இறந்தபின் வந்த சிதைவா?

கேள்வி:
எம்.எச்.வி.யின் ஏ59 ரகம் செலுத்தி 5ஆம் நாள் எடுத்த கல்லீரல். ஹெமடாக்சிலின்–இயோசின் சாயமிட்ட ஸ்லைடில் ஆங்காங்கே வெளிறிய திட்டுகள். வைரஸ் சேதம் என்று எழுதலாமா?

பதில் 1:
திட்டின் விளிம்பைப் பாருங்க. வைரஸ் நெக்ரோசிஸ் என்றால் எல்லை தெளிவா இருக்கும். செல்கள் அடர் இளஞ்சிவப்பா, உட்கரு சுருங்கியோ துகளாகியோ கிடக்கும். சுற்றி நியூட்ரோபில், லிம்போசைட் போன்ற அழற்சி செல்கள் வந்திருக்கும். செல்கள் ஒன்றாகச் சேர்ந்து பல உட்கருக்களோடு இருக்கும் சின்சிட்டியம் கண்ணில் பட்டால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. இறந்தபின் சிதைவில் அழற்சி செல்லே இராது. பரவலா மங்கும், சிவப்பணுக்களும் வெளிறிவிடும்.

ஃபார்மலினில் எப்படிப் போட்டீங்க? மடல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கிடந்தால் அந்த இடத்தில் திரவம் இறங்காது. அதுவும் வெளிறிய திட்டுதான். 5 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம். 10% நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு, 24 முதல் 48 மணி நேரம்.

பதில் 2:
பாக்டீரியாவால் வரும் டைசர் நோயை மறக்காதீங்க. அதுவும் இதே மாதிரி திட்டுதான். வார்த்தின்–ஸ்டாரி வெள்ளிச் சாயம் போட்டால், விளிம்பில் உயிரோடிருக்கும் கல்லீரல் செல்லுக்குள் நீளமான பாசில்லஸ்கள் குச்சிக்கட்டு மாதிரி தெரியும்.

பதில் 3:
அடுத்த 4 மைக்ரான் வெட்டில் வைரஸின் நியூக்ளியோகேப்சிட் (N) புரதத்துக்கு இம்யூனோ சாயம் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைக் காட்டும் சாயம்) போடுங்க. திட்டின் நடுவில் அந்த வைரஸ் புரதம் (ஆன்டிஜென்) அழிந்திருக்கலாம், ஓரத்தில் தேடணும். எலி எஸ்.ஜே.எல். இனமா? அப்படியென்றால் ஏ59க்கு எதிர்ப்புள்ளது. முதலில் அதைச் சொல்லுங்க.