படக்கதைப் பித்தும் ஸ்டோரிபோர்டு வேலையும்

படம் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஷாட்டையும் தாளில் வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. அதை வரைகிறவர்கள் நிறைய சினிமா பார்த்துத்தான் தொழில் கற்றிருப்பார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. சினிமாப் பைத்தியம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு எப்படித் தாவுவது, நடுவில் எதை விடுவது என்பதெல்லாம் எனக்குப் படக்கதையிலிருந்து வந்தது.

அப்பாவுக்கு சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின் வேலை. மை சரியாக ஏறாத தாள், கலர் விலகிய தாள் எல்லாம் வேஸ்ட் என்று ஒதுங்கும். காலண்டர், பட்டாசு லேபிள், நோட்டு அட்டை, அவற்றோடு சில சமயம் காமிக்ஸ் பக்கங்களும் வீட்டுக்கு வரும். பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவது அந்தத் தாளில்தான்.

பிரஸ் பக்கம் போகாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். புத்தகம் அச்சாகும்போது பக்கங்கள் வரிசையாக இருக்காது. பெரிய தாளில் முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று அடித்து, மடித்து, ஓரம் வெட்டினால்தான் வரிசை வரும். அதை ஒரு ஃபாரம் என்பார்கள். மடிக்காத தாளில் ஒன்றாம் பக்கத்தை ஒட்டிப் பதினாறாம் பக்கம் கிடக்கும். பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும்.

கௌபாய் படக்கதை நாயகன் கேப்டன் டைகரை நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன். 'தங்கக் கல்லறை' கதையின் துண்டு துண்டான பக்கங்கள். நானும் தம்பியும் வெட்டித் தரையில் பரப்பி, எது முன்னால் எது பின்னால் என்று அடுக்குவோம். பக்க எண் இல்லாத பக்கங்களும் உண்டு, வசனம் மசியாகிப்போன பக்கங்களும் உண்டு. படத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். குதிரை எந்தத் திசையில் போகிறது? நிழல் நீளமா, குட்டையா? தொப்பி இன்னும் தலையில் இருக்கிறதா? இன்றைக்கு செட்டில் கன்டினியூட்டி என்று அசிஸ்டென்ட் டைரக்டர்கள் நோட்டில் குறித்துக்கொண்டு அலைவது இதைத்தான்.

இன்னொன்றும் அந்தத் தரையிலேயே பிடிபட்டது. வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் எதுவும் முடியாது. ஒருவன் சட்டென்று திரும்புவான், ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்கும், ஒரு கதவு பாதி திறந்திருக்கும். பக்கத்தைத் திருப்பினால்தான் விஷயம். அந்தக் கதைகள் முதலில் பிரான்ஸில் 'பிலோத்' என்ற வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. வாசகன் அடுத்த வாரமும் வாங்க வேண்டுமே! பின்னாளில் நான் ஒரு சீனைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் தேடுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். எந்த இடத்தில் பார்ப்பவர் பக்கத்தைத் திருப்பத் துடிப்பார்? அது கிடைத்துவிட்டால் மற்ற ஃப்ரேமெல்லாம் தானாக விழும்.

இனி நான் சொல்ல வந்த சந்திப்பு. சென்னைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு படத்துக்கு போர்டு வரைந்துகொண்டிருந்தேன். காணாமல் போன மகனைத் தேடிக் கிணற்றடிக்கு வரும் அம்மா, அங்கே அவன் செருப்பைப் பார்க்கிறாள். எழுத்தில் ஒரே வரிதான். டைரக்டர் அம்மாவின் முகத்துக்கு க்ளோஸ்-அப் கேட்டிருந்தார், வரைந்திருந்தேன். முதலில் வைடில், அதாவது தூரத்திலிருந்து, கிணறும் துவைகல்லும், ஓரத்தில் சின்னதாக அம்மா. அடுத்து டாப் ஆங்கிளில், மேலிருந்து பார்க்கிற மாதிரி, ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பு, ஒன்றின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். அப்புறம் முகம். அப்புறம் இடுப்பிலிருந்து நழுவும் குடம்.

கேமராமேன் வயதில் மூத்தவர், காரைக்குடிக்காரர். ஒவ்வொரு தாளாக மேசையில் வரிசையாக வைத்தார். பிறகு முகம் இருந்த தாளை மட்டும் எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்பப் பாருங்க, ஏதாவது புரியாமப் போகுதா?" என்றார். புரிந்தது மட்டுமில்லை, நெஞ்சை அடைத்தது. செருப்பிலிருந்து நேராகக் குடத்துக்குப் போனால் பார்ப்பவரே அந்த முகத்தை மனதில் வரைந்துகொள்கிறார். டைரக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் அப்படியேதான் எடுத்தார்கள்.

டீ குடிக்கும்போது கேமராமேன் என் வைட் ஷாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். முன்னால் பாதி ஃப்ரேம் கரிய துவைகல், தூரத்தில் சின்ன மனுஷி. "ஏம்மா, இது டைகர் பார்த்த கைதானே?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அவரும் வாடகைப் புத்தகக் கடையில் நின்றுகொண்டே முத்து காமிக்ஸையும் லயனையும் தின்றவராம். இரும்புக்கை மாயாவி தொடங்கித் தலைப்பு தலைப்பாக ஒப்பித்தார்.

டைகரை வரைந்த ஜான் ஜிரோவே சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு போட்டவர் என்பது கேமராமேனுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். 'மோபியஸ்' என்ற பெயரில் 1970-களில் டைரக்டர் ஹொடொரோவ்ஸ்கியின் 'டியூன்' படத்துக்காக அவர் வரைந்த போர்டு ஒரு தலையணைப் புத்தகமாகவே ஆனது. அவருடைய அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஜிரோ 'ஏலியன்' படத்துக்கு உடைகளும், 1982-இல் வந்த 'ட்ரான்' படத்துக்கு உடை, செட் வடிவமைப்பும் போர்டுகளும் செய்தார். ஒரே மனுஷன், டைகருக்குப் பிரஷ்ஷால் கறுப்பைக் கொட்டுவார், மோபியஸ் என்று கையெழுத்துப் போடும்போது மெல்லிய பேனாக் கோட்டில் ஆகாயத்தையே காலியாக விட்டுவிடுவார். கேமராமேன் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம்ம ஊரில் போர்டு வரைகிறவர்களிடம் படிக்கிற பழக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேகம் கேட்பார்கள், ரெஃபரன்ஸுக்கு ஏதாவது இங்கிலீஷ் படத்தின் க்ளிப்பை அனுப்புவார்கள். க்ளிப்பைப் பார்த்து வரைந்தால் வேறு யாரோ ஏற்கெனவே எடுத்த முடிவைத்தான் வரைவோம். படக்கதையில் இரண்டு கட்டத்துக்கு நடுவே வெள்ளைச் சந்து இருக்கிறது, அங்கே முடிவெடுக்க வேண்டியவர் நாம். அதனால்தான் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் படப்புத்தகத்தைக் கையில் கொடுக்கிறேன்.

* * *

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற தபால்காரன். அம்மா, நீங்கள் சிவகாசியைச் சொன்னீர்கள், எனக்கு வடபழனி.

சின்ன வயதில் அம்புலிமாமா வந்தால் முதலில் விக்கிரமாதித்தன் பக்கத்தைத்தான் புரட்டுவேன். சுடுகாடு, தோளில் பிணம், கையில் உருவிய வாள். வரைந்தவர் சங்கர். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போக நடுங்கியிருக்கிறேன், ஆனாலும் அடுத்த மாதம் அதையேதான் முதலில் திறப்பேன்.

பிறகு ஒரு கோடையில் எங்கள் டூரிங் டாக்கீஸில் 'மாயாபஜார்' வந்தது. மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கிரீடம், அந்தத் தூண்கள், கடோத்கஜன் தோளில் கிடக்கும் கதாயுதம், எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அம்புலிமாமா படங்கள் எழுந்து நடப்பதாகவே நம்பினேன். ரங்காராவ் வாயைத் திறக்க லட்டு தானாகப் பறந்து போகும்போது கொட்டகையே கத்தியது.

வேலைக்குப் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. 1947-இல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1957-இல் மாயாபஜாரைத் தயாரித்தவர்கள். பத்திரிகையும் ஸ்டுடியோவும் சென்னை வடபழனியில்தான் இருந்தன. பையனாக நான் நம்பியது வெறும் கற்பனை இல்லை, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சங்கர் 2020-இல் காலமானபோது பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழைய இதழ்களைக் காட்டினேன். அடுத்த வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

* * *

அக்கா, நான் கோயம்புத்தூர். மகளுக்கு ஒன்பது வயது, கண்டபடி வரைகிறாள். போன லீவில் சென்னைக்கு வந்தபோது திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கட்டடத்துக்குக் கூட்டிப்போனேன். கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் ராத்திரி நேரத்து மரங்களை வரைந்த புத்தகம் இருந்தது. கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங், கையாலேயே அச்சடித்துக் கையாலேயே தைத்தது. அவள் படத்தைத் தடவிப் பார்த்தாள், மை மேடாக விரலுக்குத் தட்டுகிறது. முகர்ந்தும் பார்த்தாள். அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து "இந்த மரம் ராத்திரி முடிஞ்சதும் என்னப்பா பண்ணும்?" என்று கேட்டு அடுத்த படத்தை அவளே வரைந்துகொண்டிருக்கிறாள். இதை எப்படி வளர்ப்பது, கிளாஸில் சேர்க்கலாமா? நான் கணக்கு எழுதுகிற ஆள், எனக்கு ஒன்றும் தெரியாது.

* * *

மயிலாடுதுறை அய்யாவுக்கு வணக்கம். மாயாபஜாரை இன்று இரவே திரும்பப் பார்க்கப்போகிறேன், இந்த முறை அம்புலிமாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கோவைத் தம்பிக்கு: அடுத்த படத்தை அவளே வரைகிறாள் என்றால் முக்கால்வாசி வேலை நடந்துவிட்டது. கிளாஸ் பிறகு பார்க்கலாம். சத்யஜித் ராயையே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர கம்பெனியில் ஓவியராக இருந்த காலத்தில், 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்புக்குப் படம் போட்டார். அந்தப் படங்களில் சில 1955-இல் வந்த சினிமாவில் ஷாட்டுகளாகவே ஆயின. முழுத் திரைக்கதை என்று ஒன்றை அவர் எழுதவில்லை. ஒரு நோட்டு நிறைய ஓவியமும் குறிப்பும் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் அலைந்தார். அந்த நோட்டு 2016-இல் புத்தகமாகவே வந்தது. அவள் கொஞ்சம் பெரியவளானதும் வாங்கிக் கொடுங்கள். மையில் தோய்த்த வேகமான கோடுகள், முகம்கூட இல்லாத உருவங்கள், ஆனால் கதையின் அக்காவும் தம்பியுமான துர்காவும் அப்புவும் எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். போர்டுக்கு அவ்வளவுதான் வேண்டும். அழகாக வரைவதை விட, யார் எங்கே நின்று எதைப் பார்க்கிறார் என்று தெரியும்படி வரைவதுதான் கடினம்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். பழைய அம்புலிமாமா ஒன்று கிடைத்தால் விக்கிரமாதித்தன் படத்தை எடுங்கள். ஏ4 தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கட்டம் போடுங்கள், சினிமா திரை மாதிரி அகலமாக. நடுக் கட்டத்தில் சங்கரின் படத்தைப் பார்த்து அவள் வரையட்டும். அதற்கு முந்தைய நொடி முதல் கட்டத்தில், பிந்தைய நொடி மூன்றாவதில். ஒரே நிபந்தனை: ராஜா எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறாரோ, மூன்று கட்டத்திலும் அதே பக்கம்தான். பக்கம் மாறினால் ராஜா திரும்பி வீட்டுக்குப் போகிறார் என்று ஆகிவிடும். செட்டில் பெரிய பெரிய யூனிட்டே இதில் தடுமாறி ஷாட்டைத் திரும்ப எடுக்கும்.

முடித்ததும் மூன்றில் ஏதாவது ஒன்றை அவளே கையால் மூடிப் பார்க்கட்டும். கதை இன்னும் புரிகிறதா என்று உங்களைக் கேட்கட்டும். கணக்கு எழுதுகிற ஆள்தான் அதற்குச் சரியான ஆள், வரையத் தெரிந்தவர்கள் கோட்டைப் பார்த்து மயங்கிவிடுவோம். வரைந்ததை இங்கே போடுங்கள், மரங்கள் படத்தையும் சேர்த்து.