53 வயதில் துடுப்புப் படகுக் கழகத்தில் சேரலாமா?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு அருகிலுள்ள துடுப்புப் படகுக் கழகம் ஒன்று, எந்த வயதினரும் எத்தகைய உடல்நிலை உள்ளவரும் சேரலாம் என்று அறிவித்திருக்கிறது. எனக்கு வயது 53. நடைப்பயிற்சியைத் தவிர வேறு பழக்கமில்லை, தோள்களில் வலுவும் குறைவு. 15 வயது மகளும், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் வலுவிழந்த என் தம்பியும் உடன் வர ஆசைப்படுகிறார்கள். மூவரும் ஒரே இடத்தில் பழக முடியுமா, அல்லது அந்த அறிவிப்பு வெறும் பேச்சளவுதானா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய துடுப்பு:
தோள்வலுவைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. இந்தப் படகுகளில் இருக்கை சிறு சக்கரங்களின் மேல் முன்னும் பின்னும் நகர்வதால், பாதங்களை ஊன்றி உந்தும் கால்களே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. கால், இடுப்பு, கை என்ற வரிசையில் இழுத்து, கை, இடுப்பு, கால் என்ற வரிசையில் திரும்பி வருவதுதான் அடிப்படைப் பாடம். கையால் மட்டும் இழுப்பவர்களுக்கு எத்தனை வலுவிருந்தாலும் முன்கை விரைவில் இறுகிவிடும். முதலில் கரையில் உள்ள பயிற்சி இயந்திரத்தில் உட்கார வைப்பார்கள். அதன் பக்கவாட்டில், இழுப்பின் கனத்தை மாற்றும் நெம்புகோலை 10இல் வைப்பதே வீரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொடக்கத்துக்கு 3 முதல் 5 வரை போதும்.

வயதும் தடையில்லை. மூத்தோருக்கான உலகப் போட்டிகளில் 27 வயது முதல் பிரிவுகள் தொடங்கி, 80ஐத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. ஒலிம்பிக்கில் 2000 மீட்டர் என்றால் இங்கே 1000 மீட்டர். நீங்கள் போட்டிக்குப் போகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

சுக்கான் பிடிப்பவர்:
அறிவிப்பு உண்மையா என்று அறிய, புதியவர்களுடன் படகில் யாரை உட்கார வைக்கிறார்கள் என்று பாருங்கள். எட்டுப் பேர் படகில் ஆறு பேர் துடுப்பின் அலகைத் தண்ணீர்மேல் படுக்கையாக வைத்து அசையாமல் பிடித்திருக்க, இருவர் மட்டும் வலிப்பார்கள். அந்த ஆறு அலகுகளும் தாங்குவதால் குறுகிய படகு ஆடாது, புதியவரும் பயமின்றிப் பழகுவார். இப்படிப் பிடித்துக்கொடுக்கப் பழைய உறுப்பினர்கள் முன்வருகிற கழகத்தை நம்பிச் சேரலாம். புதியவர்களை எல்லாம் ஒரே படகில் ஏற்றிவிட்டு, கரையிலிருந்து கத்துகிற இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வலிப்பவர்கள் பயணத் திசைக்கு முதுகு காட்டி அமர்வார்கள்; முன்னே பார்த்துத் திசை திருப்பிக் குரல் கொடுப்பவர் ஒருவர்தான். மிதவைச் சட்டை அணிந்து அந்த இடத்தில் உட்கார உங்கள் மகளுக்குப் பிடிக்கக்கூடும். சிறுவர்களுக்கான பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாமல் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனெனில் அது மிதக்கும். படகோடு பிணைந்த காலணியின் குதிகால் ஒரு சிறு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும்; அது அதிகம் உயராததால்தான் கவிழும்போது பாதம் தானாகக் கழன்றுவரும். ஏறியதும் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொல்லித்தராத பயிற்சியாளர் கவனமில்லாதவர்.

கரைக்காற்று:
தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் போட்டி 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டது. தோளும் கையும் மட்டும் இயங்குபவர்கள், உடற்பகுதியும் இயங்குபவர்கள், கால்களையும் ஓரளவு பயன்படுத்துபவர்கள் என்று மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு பிரிவினருக்கு நகராத இருக்கை. ஒற்றையர் படகின் இருபுறமும் மிதவைகளைப் பொருத்துவார்கள். கழகத்தில் பழகுவதற்கு எந்தப் பிரிவுச் சான்றிதழும் தேவையில்லை.

அவருக்கு வலிப்பதைவிட ஏறுவதுதான் சிரமமாக இருக்கலாம். துடுப்புப் பிடிகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்தபடி, மெல்லிய அடித்தளத்தில் மிதிக்காமல், இருக்கைக்கு முன்னுள்ள சிறு பலகையில் ஒரு காலை வைத்து மெல்ல உட்கார வேண்டும். அந்தக் கணத்தில் முழு எடையும் ஒரே காலில் இறங்கும். படகின் எந்தப் பக்கம் துறையை ஒட்டி நிற்கிறது என்பதைப் பொறுத்து அது எந்தக் கால் என்பது மாறும். ஆகவே பயிற்சியாளரிடம் முன்பே சொல்லி, வலது காலில் ஏறும்படி படகை நிறுத்தச் சொல்லுங்கள்.

கயல்:
மிக்க நன்றி. ஏறுவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல் நாளுக்கு ஏதாவது வாங்கவேண்டுமா?

பழைய துடுப்பு:
எதுவும் வேண்டாம். உடலை ஒட்டிய ஆடை போதும். தொளதொளப்பான சட்டையின் ஓரம் துடுப்புப் பிடியிலோ இருக்கைச் சக்கரத்திலோ மாட்டிக்கொள்ளும். கையுறையைப் பலரும் தவிர்ப்பார்கள், பிடியின் உணர்வு குறைந்துவிடும் என்பதால். கொப்புளம் வரும், பழகும். மாற்றுடை ஒன்றைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள்.