ட்ரிகரா, பம்பரா? – ‘நம்ம வீடு’ குழுவில்

நான்: மாமா, எஃப்டிசி என்ற மாணவர் ரோபோ போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். பந்து எறியும் சக்கரத்தின் வேகத்தைக் கேம்பேடில் (ரோபோவை இயக்கக் கையில் பிடிக்கும் கருவி) எதை வைத்து மாற்றுவது என்று டீமில் ஒத்துவரவில்லை. நான் ட்ரிகர், அதாவது விரலால் உள்ளே அழுத்தும் விசை, என்கிறேன்.

சின்ன மாமா: ட்ரிகர் அழுத்துகிற அளவுக்கு 0 முதல் 1 வரை மதிப்பு தரும், அதுதான் மோட்டாருக்குப் போகும் பவர். 0.7-ல் விரலை அசைக்காமல் பிடித்துப் பார்.

நான்: 0.62, 0.71, 0.78 என்று ஆடிக்கொண்டே இருக்கிறது 😟 ஒரு பந்து முன்னாலேயே விழுகிறது, அடுத்தது தாண்டிப் போகிறது.

பாட்டி: தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிய புதிதில் எனக்கும் அப்படித்தான் கண்ணு. பெடலில் கால் வைத்ததும் ஊசி பறக்கும். பாதி மிதியில் நிறுத்தப் பழக ஒரு வாரம் ஆனது.

தாத்தா: ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வைக்கக் கூடாதா? 3-ல் வைத்தால் 3-லேயே நிற்கும்.

சின்ன மாமா: அப்பா சொல்வதுதான் சரி. ட்ரிகருக்கு மேலே இருக்கும் பட்டன்தான் பம்பர். வலது பம்பர் ஒரு படி கூட்டட்டும், இடது பம்பர் ஒரு படி குறைக்கட்டும்.

நான்: ஒரு தட்டுக்கு 0.05 கூட்டச் சொன்னேன். தொட்டதும் நேரே 1-க்குப் போய்விட்டது!

சின்ன மாமா: லூப், அதாவது ப்ரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, நொடிக்குப் பல தடவை ஓடுகிறது. நீ ஒரு தடவை தட்டி விரலை எடுப்பதற்குள் அது பட்டனைப் பல தடவை பார்த்துவிடும். முந்தைய சுற்றில் அழுத்தாமல் இருந்து இந்தச் சுற்றில் அழுத்தியிருந்தால் மட்டும் கூட்டச் சொல்.

அண்ணா: அப்போது ட்ரிகர் சும்மாவா கிடக்கும்?

சின்ன மாமா: ஓட்டுபவருக்குக் கொடுங்கள். இடது ட்ரிகரை அழுத்த அழுத்த ரோபோ மெதுவாகப் போகட்டும். அங்கே விரல் கொஞ்சம் ஆடினாலும் கெடுதல் இல்லை. ரோபோவை ஓட்டும் ஸ்டிக்கின் மதிப்பை மும்மடி ஆக்கினால் (0.5 × 0.5 × 0.5 மாதிரி) இன்னும் நல்லது. பாதி தள்ளினால் 0.125தான் வரும், ஓரமாக ஒட்டி நிறுத்த அது போதும்.

நான்: இப்போது தட்டுக்கு ஒரு படிதான் ஏறுகிறது மாமா!! ஆனால் காலையில் 0.7-ல் சரியாக விழுந்த பந்து இப்போது எட்டவில்லை.

சின்ன மாமா: பாட்டரி இறங்கியிருக்கும். பவர் என்பது வேகம் இல்லை. மின்னழுத்தம் குறைந்தால் அதே 0.7-க்குச் சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது என்று அளக்கும் என்கோடரின் கேபிளை மாட்டி, பவருக்குப் பதில் வெலாசிட்டியை (சுற்றும் வேகத்தை) கொடு. பம்பரும் அந்த எண்ணையே மாற்றட்டும்.

அம்மா: முதலில் சாப்பிட வா.

நான்: ஐந்து நிமிடம் அம்மா. பழைய பாட்டரியோடு எறிந்து பார்த்துவிட்டு வருகிறேன்.