நாகமரை, பஞ்சப்பள்ளி பக்கம் தூண்டில் போடப் போக 3 லட்சத்துக்குள் எந்தப் பழைய வண்டி?

பாலக்கோட்டு_கெளுத்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில் ஷிப்ட். லீவு கிடைத்தால் நான், மச்சான், கூட்டாளிகள் இரண்டு பேர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். தண்ணீர் இருந்தால் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை. இல்லையென்றால் பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரை. இதுவரை இரண்டு ஸ்ப்ளெண்டரில்தான் ஓடுகிறது. ராடு நீட்டிக்கொண்டிருப்பதால் பின்னால் உட்காருகிறவன் கதிதான் பாவம்.

இப்போது அப்பாவும் வர ஆசைப்படுகிறார். அவருக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் பைக்கில் உட்கார முடியாது. அதனால் பழைய வண்டி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். கையில் 3 லட்சம், அதற்கு மேல் கடன் வாங்குவதாக இல்லை. மனதில் இருப்பது ஈகோ, பொலிரோ, ஆல்ட்டோ. கரை வரைக்கும் போக வேண்டும், சேற்றில் மாட்டக் கூடாது, விடிகாலை 4 மணிக்குச் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆக வேண்டும். மற்ற நாளில் வீட்டு வேலைக்கும் ஆகணும். அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_நாலுசக்கரம்:

ப்ரோ, 4x4, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை, இல்லாமல் கரைக்குப் போவதே வேஸ்ட். ஜிம்னி பாருங்கள், தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி, எடையும் குறைவு. பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முடியாவிட்டால் பழைய ஜிப்சி ஏதாவது தேடிப் பிடியுங்கள். பொலிரோ எல்லாம் கல்யாண வண்டி.

இண்டூர்_ஒர்க்‌ஷாப்:

தம்பி, ஜிம்னி நல்ல வண்டிதான், அதில் சண்டை இல்லை. ஆனால் 3 லட்சம் என்று ஒருவர் தெளிவாகச் சொன்ன பிறகு ஜிம்னியைக் காட்டுவது, ரசம் கேட்டவனுக்குப் பிரியாணிக் கடைக்கு வழி சொல்வது மாதிரி. ஜிப்சி கிடைக்கும், பார்ட்ஸ்தான் கிடைக்காது. ஒரு சாமானுக்குக் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு இண்டூரில் ஒர்க்‌ஷாப். ஏரியூர், பென்னாகரம் பக்கம் நின்றுபோன வண்டிகளைக் கயிறு கட்டி என்னிடம்தான் இழுத்து வருவார்கள். அதில் சேற்றில் புதைந்து வந்தவை ரொம்பக் குறைவு. பேட்டரி செத்தது, ஃபேன் பெல்ட் அறுந்தது, ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது, டயர் பக்கவாட்டில் கிழிந்தது, ஸ்டெப்னியில் காற்றே இல்லை, இவைதான் அதிகம். எல்லாம் கிளம்புவதற்கு முந்தின நாள் பத்து நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் வரைக்கும் போகும் வண்டியைத் தேடாதீர்கள், வீடு வரைக்கும் திரும்பி வரும் வண்டியைத் தேடுங்கள். பென்னாகரத்திலேயே பார்ட்ஸ் கிடைக்கிற, எந்த மெக்கானிக்கும் கை வைக்கிற வண்டியாக இருக்கட்டும்.

கரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகமரையில் நிற்பது மேட்டூர் அணைத் தண்ணீர். அணையின் முழு மட்டம் 120 அடி. கோடையில் மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் தூரமாகப் போய்விடும். எதிர்க்கரையில் பண்ணவாடி நந்தி சிலை வெளியே தெரிகிற சமயத்தில் போயிருப்பீர்கள், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம் போல இருக்கும். மேலே காய்ந்திருப்பது வெறும் ஓடுதான், கீழே வண்டல் களி. ஆள் நடந்தால் தாங்கும், ஒரு டன் வண்டி ஏறினால் ஓடு உடைந்து இறங்கிவிடும். அங்கே 4x4 என்றால் நாலு சக்கரமும் சேர்ந்து புதையும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் டிராக்டர்காரர் சொன்னதுதான் விலை. புல் முளைத்த, பழைய மாட்டுவண்டித் தடம் இருக்கிற தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், அவர் நிழலில் உட்கார்ந்து போடட்டும்.

ஒகேனக்கல் பக்கம் போனால் இன்னொரு தொல்லை. கபினியிலும் கே.ஆர்.எஸ்ஸிலும் தண்ணீர் திறந்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறும், அடுத்தது ஒகேனக்கல்தான். சாயங்காலம் மணலாக இருந்த இடம் விடிவதற்குள் ஆறாகிவிடும். அதனால் ஆற்று மணலில் வண்டியை நிறுத்துகிற பேச்சே வேண்டாம். பேப்பரில் பிலிகுண்டுலு எத்தனை ஆயிரம் கன அடி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். உங்கள் தேவைக்கு ஈகோ. 5 சீட்டர் எடுங்கள். 7 சீட்டரில் ஆள் உட்கார்ந்த பிறகு பின்னால் சாமானுக்கு இடம் இருக்காது. 5 சீட்டரில் ராடைப் பிரிக்காமல் படுக்க வைக்கலாம், ஐஸ் பெட்டி, பாய், அடுப்பு எல்லாம் போகும். 2010-லிருந்து வருகிற வண்டி, 1.2 லிட்டர் பெட்ரோல். ஆம்னி மாதிரியே என்ஜின் முன்சீட்டுக்கு அடியில், இழுவை பின்சக்கரத்தில். ஏற்றத்தில் சீட்டுச் சூடு தெரியும், அது அந்த வண்டியின் குணம். ஆம்னியும் கெட்டுப்போன வண்டி இல்லை, ஆனால் 2019-லேயே நிறுத்திவிட்டார்கள், 796 சிசியில் ஐந்து பேரோடு மேடு ஏறத் திணறும்.

ஈகோவில் ஒரு சங்கதி. பின்னால் எடை இல்லாவிட்டால் ஈர மேட்டில் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். நம் ஆட்கள் உடனே எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்வார்கள். இந்த வண்டியில் பின்சீட்டில் ஆள் இருக்கும்போதுதான் சக்கரம் தரையைப் பிடிக்கும். முதலில் ஆளோடு மெதுவாக எடுத்துப் பாருங்கள், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கினால் மணலில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் திரும்ப ஏற்ற, லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சின்ன கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும். காற்றில்லாமல் தார் ரோட்டில் ஓட்டினால் டயர் போச்சு.

பொலிரோ கெட்டியான வண்டி. சேஸிஸ் தனி, வயிறும் ஈகோவை விட உயரம். ஆனால் 3 லட்சத்தில் வருகிற பொலிரோ என்ன நிலைமையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? டீசல் பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச் என்று மூன்றில் ஒன்று ஆறு மாதத்தில் கேட்கும். ரோட்டில் ஓடுகிற பொலிரோ பெரும்பாலும் பின்சக்கர இழுவைதான், 4x4 என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். ஆல்ட்டோ ஐந்து பேருக்கும் ராடுக்கும் ஆகாது. அது முன்சக்கர இழுவை வண்டி, ஈர மேட்டில் முன்னால் ஏறாவிட்டால் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், எடை முன்சக்கரத்தின் மேல் விழும், ஏறிவிடும். இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பார்க்கப் போகும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் முன்சீட்டைத் தூக்கி என்ஜின் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். டயரில் நாலு இலக்கம் இருக்கும், 3221 என்றால் 2021-ம் வருடம் 32-வது வாரம் செய்தது. டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் வயசான டயர் கல்லில் கிழியும். பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒகேனக்கல் இறக்கத்திலும் தொப்பூர் கணவாயிலும் செகண்ட் கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் அதிகம்.

ஏரியூர்_எக்ஸ்எல்:

மெக்கானிக் தம்பி சொல்வது சரி. நான் ஒரு வார்த்தை. கடைசி அரை கிலோமீட்டருக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டை விட்டால் வேறு வண்டி கிடையாது. நம்ம ஓசூர் கம்பெனி வண்டி, 99.7 சிசி, முன்னால் கால் வைக்கிற இடத்தில் மீன் கூடையே வைக்கலாம். மாட்டினால் இரண்டு பேர் தூக்கி வெளியே வைத்துவிடலாம். இங்கே மீன் பிடிக்கிறவர்கள் வீட்டில் பாருங்கள், கார் இருக்காது, எக்ஸ்எல் இருக்கும். சீமைக்கருவேல முள்தான் அதற்கு எமன், டியூபும் பம்பும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அணை மீன் சும்மா பிடிக்கிற மீன் இல்லை. ஏரி என்றால் ஏலம் எடுத்தவர் இருப்பார், அணை என்றால் மீன்வளத் துறையோ கூட்டுறவுச் சங்கமோ. எங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள். ஓசூரிலிருந்து அஞ்செட்டி வழியாக வருகிற ஆசையும் வேண்டாம். அது யானை ரோடு, 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம் என்று அறிவித்த காடும் அந்தப் பக்கம்தான். விடிகாலை 4 மணிக்கு அங்கே எந்த வண்டி நம்பகமானது என்று யானையைத்தான் கேட்கணும்.

ஓசூர்_நாலுசக்கரம்:

எக்ஸ்எல் பாயிண்ட் ஒத்துக்கிறேன் ஐயா. அப்படியே கெலவரப்பள்ளி அணைப் பக்கமும் போகாதீர்கள் ப்ரோ, தண்ணீரில் மிதக்கிற கழிவு நுரையைப் பார்த்த பிறகு அந்த மீன் தொண்டையில் இறங்காது.

பாலக்கோட்டு_கெளுத்தி:

அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஈகோ என்று முடிவு செய்துவிட்டேன். அத்திப்பள்ளியில் ஒரு 5 சீட்டர் இருக்கிறது, 2014 மாடல், கேஏ நம்பர், ஒரே ஓனர். இங்கே தருமபுரியில் கேட்கிற விலையை விட 40,000 குறைவு. வாங்கலாமா? அப்புறம், மீன் வாடை போக என்ன செய்வது? அம்மாவை அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்.

இண்டூர்_ஒர்க்‌ஷாப்:

கேஏ வண்டி விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. அந்த ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். வேறு மாநில நம்பரில் 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்ட முடியாது, நம் நம்பருக்கு மாற்ற வேண்டும், அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு ஓசூருக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டும். வரி எவ்வளவு என்று ஆர்டிஓவில் கேட்டு 40,000-த்தோடு கூட்டிக் கழித்துப் பாருங்கள். மிச்சம் பெரிதாக இல்லையென்றால் நம் பக்கத்து நம்பர்களான டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 இதில் ஒன்றையே எடுங்கள். 2014 வண்டி என்றால் 2029-ல் 15 வருடம் முடிந்து மறுபதிவுக்கு நிற்கும், அதையும் விலை பேசும்போது சொல்லுங்கள். ஆர்சியில் பைனான்ஸ் பேர் இருந்தால் அது நீங்கிய பிறகுதான் பணம்.

வாடைக்கு சென்ட் அடிக்காதீர்கள், இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். மூடி இறுக்கமான பெட்டியில் ஐஸ் போட்டு, பெட்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து ஓரத்தை நாலு விரல் மேலே மடக்கி விடுங்கள். வாடை மீனில் இல்லை, ஐஸ் கரைந்து வழிகிற தண்ணீரில். அது கால்மிதிக்கு அடியில் இறங்கினால் தகரமும் துருப்பிடிக்கும். மண்புழு டப்பாவை மறந்து சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டால் மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

வியாழன் தவிர எந்த நாளும் கடை திறந்திருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டி வரச் சொல்லுங்கள், பிட்டில் ஏற்றி அடியைப் பார்த்துவிடலாம்.