போர்டு செத்துடுச்சு, லைசன்ஸ் அதுலயே மாட்டிக்கிச்சு

இடம் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. ஸ்டூடியோ பிசியோட மதர்போர்டு போன செவ்வாய்க்கிழமை போயிடுச்சு. உப்புக்காத்துதான், ரேம் ஸ்லாட் ஓரமா பச்சை பூத்திருக்கு. வியாழக்கிழமை புது போர்டு போட்டாச்சு. எஸ்எஸ்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ் பழசே. விண்டோஸ் 11.

காசு கொடுத்து வாங்கின ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள் பிளக்-இன் (வயலின் மாதிரி தந்தி வாத்தியங்களோட பதிவு பண்ணின சத்தத்தை கம்ப்யூட்டர்ல வாசிக்க உதவுற சாஃப்ட்வேர்) இப்போ இதைப் புது கம்ப்யூட்டர்னு நினைக்குது. மொத்தம் 2 ஆக்டிவேஷன்தான்: ஒண்ணு லேப்டாப், இன்னொண்ணு செத்த போர்டு. டீஆக்டிவேட் பட்டனை அந்தந்த மெஷின்லயே அழுத்தணுமாம். செத்த மெஷின்ல எங்கங்க போய் அழுத்துறது?

பிளக்-இன் டெமோவுல திறக்குது. நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு செகண்ட் சத்தம் அறுந்துபோகுது. பவுன்ஸ் பண்ணினா (பாட்டை ஆடியோ ஃபைலா எடுத்தா) அந்த ஓட்டை வேவ் ஃபைல்லயும் விழுது.

லைசன்ஸ் மேனேஜரை நீக்கிட்டு அட்மினா மறுபடி இன்ஸ்டால் பண்ணியாச்சு. பேக்கப்ல இருந்த லைசன்ஸ் ஃபைலை வச்சுப் பார்த்தேன், மெஷின் ஐடி பொருந்தலைன்னு தள்ளிடுச்சு. பழைய கார்டோட மேக் அட்ரஸை (MAC, நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) புது நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்தும் அதே கதை. ஆஃப்லைன் கோடு போட்டா ‘வரம்பு முடிந்தது’. சப்போர்ட்டுக்கு 3 மெயில், வந்ததெல்லாம் தானியங்கி பதில். லேப்டாப்பை விடுவிச்சா இங்க ஓடும், ஆனா சனிக்கிழமை கச்சேரிக்கு அது வேணும். கிராக் யோசனை வேண்டாம்.

செத்த மெஷின்ல மாட்டின ஆக்டிவேஷனை கம்பெனிகிட்ட பேசி ரீசெட் பண்ண வச்சவங்க, என்ன ஆதாரம் அனுப்பினீங்க: இன்வாய்ஸா, பழைய போர்டு சீரியல் நம்பரா?