வெள்ளிப் பதக்கம் முழுக்க ஊசித் துளை: மணல் அச்சில் எங்கே பிழை?

கேள்வி (கல்லடி)
மணல் அச்சில் வெள்ளி வார்க்கத் தொடங்கி இரண்டு மாதம். மரத்தில் செதுக்கிய பாடும் மீன் மாதிரியை வைத்து 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு) பதக்கம் செய்கிறேன். மூன்று தடவை ஊற்றினேன், மூன்றிலும் ஊசியால் குத்தியது போலத் துளைகள். அரம் போட்டால் உள்ளேயும் இருக்கின்றன. மணல் கடற்கரையில் எடுத்தது. கழுவி, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்தேன். வெள்ளி இறுகிவிடுமோ என்ற பயத்தில் உருகிய பிறகும் நிறைய நேரம் சூடு கொடுத்தேன். இப்போது வெள்ளி விற்கும் விலையில் நாலாவது தடவையும் வீணாக்க மனம் வரவில்லை.

பதில் (அக்கரைப்பற்று)
தங்கச்சி, துளை உருண்டையாக, உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் காற்று அடைபட்டது. ஓரம் கரடுமுரடாக இருந்தால் வெள்ளி இறுகும்போது சுருங்கியது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கேட்டவர்
எல்லாம் உருண்டை, அண்ணன்.

பதில் (அக்கரைப்பற்று)
அப்போ முதல் சந்தேகம் மணல்தான். அதில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சம்புளி பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்து. உருகிய வெள்ளியின் சூட்டில் கரியமில வாயுவை விடும். எத்தனை தரம் கழுவினாலும் உப்புத்தான் போகும், சிப்பி போகாது. ஆற்று மணலை மெல்லிய துணியில் சலித்து எடுங்கள்.

அடுத்தது ஈரம். கைப்பிடி மணலை இறுக்கிப் பிடித்தால் விரல் அடையாளம் பதிய வேண்டும். உடைத்தால் சுத்தமாக இரண்டாக உடைய வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. மாரி காலத்தில் மணல் தானாகவே ஈரம் இழுக்கும், அதனால் மாதிரியை எடுத்த பிறகு அச்சின் முகத்தைத் தீயால் மெதுவாகக் காய வையுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்: ஈர மணலில் உருகிய வெள்ளி விழுந்தால் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் ஊற்றாதீர்கள்.

பதில் (ஏறாவூர்)
நீண்ட நேரம் சூடு கொடுத்ததும் பிழைதான். 925 வெள்ளி ஏறத்தாழ 893 பாகை செல்சியசில் முழுதாக உருகிவிடும். அதற்கு மேல் காய்ச்சக் காய்ச்ச அது ஒக்சிசனைக் குடிக்கும், இறுகும்போது கக்கும். மூசையில் (வெள்ளி உருக்கும் கிண்ணத்தில்) வெண்காரத்தோடு ஒரு துண்டு சிரட்டைக்கரியும் போடுங்கள். வெள்ளி கண்ணாடி போல மினுங்கி உருண்டோடினால் உடனே ஊற்றுங்கள். அச்சிலும் மெல்லிய கம்பியால் இரண்டு மூன்று காற்றுத் துளை குத்த வேண்டும்.

கேட்டவர்
எலுமிச்சம்புளி விட்டதும் சீறி நுரைத்தது! ஆற்று மணலில், நீங்கள் சொன்னபடியே நேற்று ஊற்றினேன். மீனின் உடம்பு சுத்தமாக வந்திருக்கிறது, செதில்கூடத் தெளிவு. ஆனால் ஊற்று வாய் சேரும் இடத்தில் மட்டும் ஒரு குழி, ஓரம் கரடுமுரடு.

பதில் (அக்கரைப்பற்று)
அது சுருக்கம். ஊற்று வாய் மெல்லிசாக இருந்தால் பதக்கத்துக்கு முன்னால் அது இறுகிவிடும், பிறகு உடம்புக்கு வெள்ளி போய்ச் சேராது. வாயைத் தடிப்பாக்கி மேலே ஒரு குமிழ் வெள்ளி தங்கும்படி வெட்டுங்கள். பதக்கம் 12 கிராம் என்றால் 20 கிராம் உருக்குங்கள். மிச்சத்தை வெட்டி மறுபடி உருக்கலாம். வந்ததும் படம் போடுங்கள் தங்கச்சி.