கூப்பர் ஓடைக்கரையில் 65-ஆம் முகாம்: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

அடிலெய்டில் வசிக்கும் உறுப்பினர்:

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கூப்பர் ஓடையின் மடு ஒன்றை ஒட்டி நிற்கும் ‘டிக்’ மரத்தைச் சென்ற குளிர்காலத்தில் குடும்பத்தோடு பார்த்து வந்தேன். பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணக் குழு 1860 டிசம்பரில் தன் 65-ஆம் முகாமை அமைத்தது இந்த இடத்தில்தான். அங்கு சென்று வந்த மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்பதற்காக இதைத் தொடங்குகிறேன்.

மரம் கூலிபா எனப்படும் யூகலிப்டஸ் வகையைச் சேர்ந்தது. வேர்கள் மிதிபடாமல் இருப்பதற்காக அதைச் சுற்றி மரப்பலகை நடைபாதை அமைத்திருக்கிறார்கள். நாம் அதன் மேல் நின்றுதான் பார்க்க வேண்டும். மரத்தடி மண்ணுக்குள் உணவு புதைக்கப்பட்டிருப்பதைக் குறிக்க ‘டிக்’, அதாவது ‘தோண்டு’, என்று செதுக்கிய எழுத்துகளைப் பட்டை வளர்ந்து எப்போதோ மூடிவிட்டது. பர்க்கின் பெயரின் முதல் எழுத்தும், ரோமானிய எண்ணில் முகாமின் எண்ணும் பொறித்த மற்றொரு வடு மட்டும் ஓடைப் பக்கம் ஓரளவு தெரிகிறது. வடுவின் இருபுறமும் பட்டை தடித்த உதடுகளாகத் திரண்டு நெருங்கி வருவதைப் பார்த்தால், இன்னும் சில தலைமுறைகளில் இதுவும் மூடிவிடும் என்றே தோன்றுகிறது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்பர்னின் ராயல் பூங்காவிலிருந்து 19 பேருடனும் இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களுடனும் குழு புறப்பட்டது. தலைவர் பர்க் காவல் துறை அதிகாரி. நில ஆய்வுப் பயணத்தில் முன்னனுபவம் இல்லாதவர். டிசம்பர் 16 அன்று பர்க், வில்ஸ், கிங், கிரே ஆகிய நால்வரும் ஆறு ஒட்டகங்களையும் ஒரு குதிரையையும் கொண்டு வடக்குக் கடற்கரையை நோக்கிச் சென்றார்கள். முகாமில் பிராஹே என்பவரின் பொறுப்பில், அவரையும் சேர்த்து நால்வர் காத்திருந்தார்கள். மூன்று மாதம் காத்திருக்கும்படி சொல்லப்பட்டவர்கள் நான்கு மாதங்களுக்கும் மேல் காத்திருந்து, 1861 ஏப்ரல் 21 காலையில் கிளம்பிவிட்டார்கள். அன்று மாலையே பர்க்கும் வில்ஸும் கிங்கும் எஞ்சிய இரண்டு ஒட்டகங்களோடு வந்து சேர்ந்தபோது அடுப்புக் கரியில் சூடு ஆறியிருக்கவில்லை. நான்கு நாள்களுக்கு முன் இறந்த கிரேயைப் புதைப்பதில் ஒரு பகல் கழிந்திருந்தது.

அந்த ஒன்பது மணி நேர இடைவெளியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது என்னை உறுத்தியது வேறொன்று. மூவரும் குழியைத் தோண்டி மாவையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு, அடிலெய்டை நோக்கிச் செல்வதாகக் கடிதம் எழுதி அதே குழியில் புதைத்து, பழங்குடியினர் கண்ணில் படாதிருக்க மண்ணைச் சமன்செய்துவிட்டுச் சென்றார்கள். மரத்திலோ புதிதாக ஒரு கோடுகூடப் போடவில்லை. மே 8 அன்று மனம் கேளாமல் ரைட் என்பவருடன் திரும்பி வந்த பிராஹே, கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று போய்விட்டார். ஒன்பது மணி நேரத்தை விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்தி கையில் இருந்தது, மரம் முன்னால் இருந்தது.

தாவரவியல் கற்பிக்கும் உறுப்பினர்:

தாங்கள் எழுதியது முழுவதும் உண்மை. எனினும் அம்மரத்தடியில் கதையை நிறுத்திவிட்டால் பின்னர் பர்க்கும் வில்ஸும் எதனால் இறந்தார்கள் என்பது விளங்காமல் போய்விடும். அதற்கு அந்த ஓடையின் வெள்ளச் சமவெளியில் முளைக்கும் நார்டு என்ற சிறு நீர்ப்பெரணியைப் பார்க்க வேண்டும். நான் சென்றிருந்த ஆண்டில் வெள்ளம் வடிந்த களிமண் பரப்பில் அது தழைத்துக் கிடந்தது. குனிந்து பார்த்ததும் எனக்கு ஒரே வியப்பு: நம் வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் படரும் ஆரைக்கீரையின் அதே நான்கிலைகள். இரண்டும் மார்சிலியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாம் இலையைக் கீரையாகச் சமைக்கிறோம். அங்குள்ள யாண்ட்ருவாந்தா மக்கள் தண்டின் அடியில் உண்டாகும் மிளகளவு வித்துறைகளைத் திரட்டி அரைத்து உண்டார்கள். காய்ந்த ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கல்லில் வைத்துத்தான் அரைக்க வேண்டும்.

இச்செடியில் தயாமினேஸ் என்ற நொதி மிகுதி. அது உடலில் உள்ள பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும். அம்மக்கள் நீர்விட்டு அரைத்துப் பக்குவப்படுத்தினார்கள். அதோடு மீனும் பிற உணவும் சேர்ந்திருந்தன. பர்க்கின் குழு அந்தப் பக்குவத்தை முறையாகக் கைக்கொள்ளவில்லை என்றும், அதனால் பெரிபெரி நோய் கண்டு, வயிறு நிறைய உண்டும் நாளுக்கு நாள் மெலிந்தார்கள் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1861 ஜூன் இறுதியில் வில்ஸ் எழுதிய கடைசிக் குறிப்பில், நார்டு உண்டு பட்டினி கிடப்பது அவ்வளவு துன்பமாக இல்லை, எழுந்து நகர முடியாத பலவீனம்தான் துன்பம் என்று வருகிறது. பெரிபெரியின் அறிகுறியை இதைவிடத் தெளிவாக ஒரு மருத்துவராலும் எழுத முடியாது.

மீன் கொண்டுவந்து கொடுத்த அதே மக்களின் தலைக்கு மேல் பர்க் துப்பாக்கியால் சுட்டு அவர்களை அஞ்சி விலகச் செய்ததையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். செடியைக் கொடுத்தவர்களிடம் செய்முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதனால் குறைந்தது என்பது என் கருத்து.

மெல்பர்னில் வசிக்கும் உறுப்பினர்:

நான் அந்த மரத்தை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் மெல்பர்ன் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் பர்க்கும் வில்ஸும் அடக்கமான இடத்துக்குப் போயிருக்கிறேன். 1863 ஜனவரியில் அரசு மரியாதையோடு நடந்த அடக்கம் அது. ராயல் பூங்காவில் புறப்பாட்டைக் குறிக்கும் கற்குவியலும் இருக்கிறது. உயிரோடு திரும்பிய கிங்கின் கல்லறையை யாரும் தேடிச் செல்வதில்லை. பிரிட்டிஷ் படைவீரராக இந்தியாவில் பணியாற்றி, ஒட்டகங்களோடு வந்து இக்குழுவில் சேர்ந்தவர் அவர். பர்க் இறந்தபின் யாண்ட்ருவாந்தா மக்களைத் தேடிச் சென்று அவர்களோடு வாழ்ந்ததால்தான் 1861 செப்டம்பரில் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது உயிரோடு இருந்தார். 1872-இல், 35 வயதுகூட ஆகாமல், காசநோயால் இறந்தார்.

அம்மக்களின் மனிதாபிமானத்துக்கு நன்றியாக, பயணத்தை ஏற்பாடு செய்த ஆய்வுக் குழுவினர் பிறைவடிவப் பித்தளைத் தகடுகளை வழங்கினார்கள். அவற்றுள் ஒன்று இப்போது கான்பெராவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மரத்துக்குச் செல்லத் திட்டமிடுகிறேன்; ஒரு முழு நாள் போதுமா என்று யாராவது சொல்லுங்கள்.

அடிலெய்டில் வசிக்கும் உறுப்பினர்:

மரத்துக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள இன்னமிங்கா என்ற சிற்றூரில் இரண்டு இரவாவது தங்குங்கள். பர்க் இறந்த இடம் ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் இருக்கிறது; வில்ஸ் இறந்த இடமும், கிங் கண்டுபிடிக்கப்பட்ட இடமும் மேற்கே இருக்கின்றன. மூன்றையும் பார்த்தால்தான் அவர்கள் எவ்வளவு சிறிய நீள ஓடைக்கரைக்குள் அலைந்திருக்கிறார்கள் என்பது புரியும். எரிபொருளை இன்னமிங்காவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மண் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால், புறப்படும் அன்று காலையில் சாலை நிலையை விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம். முகத்துக்கு ஈ வலையும் அவசியம் தேவைப்படும்.